திண்டிவனத்துக்கு மிக அருகில்

கடந்த இருபது, இருபத்தைந்து வருடங்களில் தமிழர்கள் அதிகம் கேட்ட வாக்கியம் எது என்று ஒரு போட்டி வைத்தால், சினிமா பஞ்ச் டயலாக்குகள் எல்லாம் டெபாசிட் இழக்கும். முதல் பரிசு மூன்றே மூன்று சொற்களுக்குத்தான் போகும்.

'சென்னைக்கு மிக அருகில்!'

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி வேகிற நேரத்தில் டி.வி.யைப் போட்டவர்களுக்கு இது மனப்பாடம். வாரம் முழுக்க சீரியலில் மாமியாரிடம் அழுத நடிகை, அன்றைக்கு மட்டும் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு ஒரு பொட்டலில் நிற்பார். பின்னால் புத்தம்புது ஆர்ச். கலர் கலராகக் கொடி. முழங்கால் உயரத்தில் நாலைந்து செடி. 'எங்க இருக்கேன்னு பாக்கறீங்களா? சென்னைக்கு மிக அருகில், திண்டிவனத்துல!' என்பார். இயற்கை சூழல், இனிய காற்று, இன்றைக்கே புக் பண்ணினால் தங்கக் காசு.

இதை வைத்து நாம் சிரித்தாயிற்று. விநாயக முருகன் இதையே ஒரு நாவலுக்குத் தலைப்பாக வைத்தார். மீம்ஸ்காரர்கள் மதுரையை, கன்னியாகுமரியை, ஏன், நிலாவையே சென்னைக்கு மிக அருகில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

இந்த வாரம் அதைக் கொஞ்சம் சீரியஸாக எடுத்துக்கொள்வோம். ஒரு கவிதை வந்தால், ஒரு படம் வந்தால், இது என்ன சொல்கிறது, எதை முழுங்குகிறது, யாரைப் பார்த்துப் பேசுகிறது என்றெல்லாம் கேட்கிறோம் இல்லையா? அந்த மரியாதையை இந்த மூன்று சொற்களுக்கும் கொடுப்போம். ஏனென்றால் இதை நம்பிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. மனை வாங்க வசதியில்லாமல் வாடகைக்கு வந்து, இதே 'அருகில்' என்ற கணக்கில் தினமும் ரயிலேறுகிறவர்கள் உண்டு. திண்டிவனம், விழுப்புரம் ஸ்டேஷன்களில் விடியற்காலையில் நின்று பாருங்கள். டிபன் பாக்ஸும் கையுமாக வரிசையாக நிற்பார்கள்.

முதலில் இலக்கணம்.

'அருகில்' என்றாலே போதுமே, 'மிக' எதற்கு? அடுத்த தெருவில் இருக்கிற மளிகைக் கடையை யாராவது 'மிக அருகில்' என்பார்களா? 'தோ, இங்கதாம்ப்பா' என்பார்கள். சந்தேகம் இருக்கிற இடத்தில்தான் 'மிக' வந்து முட்டுக் கொடுக்கிறது. இரண்டாவது, இதில் வினைச்சொல் கிடையாது. 'இருக்கிறது' என்றுகூடச் சொல்லவில்லை. வினை இல்லாத வாக்கியத்தின் மேல் கேஸ் போடுவது கஷ்டம். மூன்றாவது, யாருக்கு அருகில்? ஏ.சி. காரில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறவருக்கா, பஸ் படிக்கட்டில் ஒரு காலை மட்டும் வைத்துக்கொண்டு போகிறவருக்கா? அந்த ஆள் வாக்கியத்திலேயே இல்லை.

அரசாங்கத்திடம் 'அருகில்' என்பதற்குக் கொஞ்சம் நேர்மையான வரையறைகள் இருக்கின்றன. ஒன்று, ரயில்வேயுடையது. மாத சீசன் டிக்கெட் அதிகபட்சம் 150 கிலோமீட்டருக்குத்தான். அதற்கு மேல் என்றால் நீ தினசரி ஆள் இல்லையப்பா, பிரயாணி என்று சொல்லிவிடுகிறது. திண்டிவனத்திலிருந்து எழும்பூர் சுமார் 120 கிலோமீட்டர். கோட்டுக்கு இந்தப் பக்கம். விழுப்புரத்திலிருந்து எழும்பூர் கிட்டத்தட்ட 160. கோட்டுக்கு அந்தப் பக்கம். தாம்பரம் வரைக்கும் என்றால் விழுப்புரத்துக்காரருக்கும் சீசன் உண்டு.

இன்னொன்று, சி.எம்.டி.ஏ.வுடையது. சென்னைப் பெருநகரப் பகுதி ரொம்ப காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். ஒரே அரசாணையில் ஏறக்குறைய ஐந்து மடங்கு! அரக்கோணம் பக்கம் வரைக்கும் போன அந்தப் பெரிய பாய்கூடத் திண்டிவனத்துக்கு எட்டவில்லை. ரியல் எஸ்டேட்காரர்களின் பாய் மட்டும் அதற்குப் பல வருடங்கள் முன்பே விழுப்புரத்தைத் தாண்டி விரிந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். திண்டிவனம் சென்னையை நோக்கி ஒரு அடிகூட நகரவில்லை. சென்னையின் பஸ் ஸ்டாண்டு திண்டிவனத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு காலத்தில் தென்மாவட்ட பஸ்கள் பாரிமுனையில் போய் நிற்கும். 2002-ல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் திறந்து, 2024 தொடக்கத்தில் நம் ஊர் பஸ்களையும் அங்கே நிறுத்திவிட்டார்கள். ஆக, 'சென்னை வந்துட்டேன்' என்று திண்டிவனத்துக்காரர் முன்பைவிடச் சீக்கிரமாகவே போனில் சொல்லிவிடலாம். அவருடைய ஆபீஸ் அண்ணா சாலையில் இருந்தால் அதற்குப் பிறகுதான் அசல் பிரயாணம் ஆரம்பிக்கிறது. கிலோமீட்டர் கணக்கு குறைந்தது. மனுஷர் வீட்டுக்குத் திரும்புகிற நேரம் குறையவில்லை.

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு போடத் தோன்றும். போட்டுப் பார்ப்போம். இது மாதிரிக் கணக்குதான். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தாம்பரம் பக்கம் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு வாடகை 15,000 ரூபாய், திண்டிவனத்தில் அதே அளவு வீடு 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 8,000. வரவுப் பக்கம் ஆச்சு. இப்போது பற்று. வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் நாற்காலி வரை ஒரு வழிக்கு மூன்று மணி நேரம். போக வர ஆறு. மாதம் 25 நாள் வேலை என்றால் 150 மணி நேரம். தாம்பரத்தில் குடியிருந்தாலும் போக வர இரண்டு மணி நேரம் ஆகுமே என்பீர்கள். நியாயம்தான், அந்த 50 மணியைக் கழித்துவிடுவோம். பாக்கி 100. அந்த 100 மணி நேரத்தை விற்றுத்தான் 8,000 ரூபாய் வருகிறது. மணிக்கு 80 ரூபாய். இதிலிருந்து சீசன் டிக்கெட், ஸ்டேஷன் ஸ்கூட்டர் ஸ்டாண்டு, பசி தாங்காமல் செங்கல்பட்டில் வாங்குகிற வடை, டீ எல்லாம் கழியுங்கள். மிஞ்சுவது, நம் ஹீரோ தன் ஆபீஸில் ஒரு மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் கிடைப்பதில் பாதியாவது தேறுமா?

இன்னும் ஒன்று. தினம் எட்டு மணி நேரம் என்றால் மாதம் 200 மணி நேரம் வேலை. பிரயாணம் 150. அதாவது நாலு மணி நேரம் வேலை பார்ப்பதற்கு மூன்று மணி நேரம் கூலியில்லாமல் பிரயாணம். வருடத்துக்கு 1,800 மணி நேரம். இருபத்துநாலு மணி நேர நாளாகப் போட்டால் 75 நாள். இரண்டரை மாதம் அவர் எங்கேயும் குடியிருக்கவில்லை. ஜன்னலோரத்தில், அதுவும் ஜன்னல் கிடைத்தால், குடியிருக்கிறார்.

தூரமும் ஒரு வாடகைதான். ரசீது தருவதில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் இவர்கள் எல்லாம் கணக்குத் தெரியாதவர்களா? இல்லை. மனைவி திண்டிவனம் பக்கம் அரசுப் பள்ளியில் டீச்சராக இருப்பார். அப்பா, அம்மாவைத் தனியாக விட முடியாது. கொஞ்சம் நிலம் இருக்கும். பையன் ஒன்பதாவது படிப்பான், இப்போது ஸ்கூலை மாற்ற முடியாது. ஒரு சீசன் டிக்கெட்காரர் சொன்னார்: 'சார், ரெண்டு பேருக்கும் ஒரே ஊர்ல வேலைன்னு எழுதி வெச்சிருந்தா நாங்க ஏன் சார் அஞ்சு மணி வண்டிய புடிக்கறோம்? எம் பொண்ணு நான் கெளம்பறப்பவும் தூங்குது, வர்றப்பவும் தூங்குது. ஞாயித்துக்கெழமதான் முழிச்சிக்கிட்டு இருக்கறதப் பாக்கறேன்.' இந்த வாழ்க்கைக்குத் தங்கக் காசு யாரும் கொடுப்பதில்லை.

சரி, அந்த மனைகளை வாங்கியது யார்? இங்கேதான் வாக்கியத்தின் சாமர்த்தியம் தெரிகிறது. திண்டிவனத்தில் குடியிருக்கிறவருக்கு அந்த விளம்பரம் தேவையே இல்லை. அவருக்குத் தெரியும், அந்த இடத்தில் போன வருஷம் வேர்க்கடலை போட்டிருந்தார்கள் என்று. நடிகை பேசுவது சென்னையில் ஒண்டுக்குடித்தனத்தில், மாடி போர்ஷனில், ஹவுஸ் ஓனரின் மூட் பார்த்து மோட்டார் போடுகிறவரிடம். 'ஒரு நாள் நீயும் ஓனர்' என்பதுதான் செய்தி. வாடகைக்காரனின் அவமானத்தை மூலதனமாகப் போட்டு நடந்த வியாபாரம் அது.

அவர் தவணையில் வாங்கினார். ஒரு தடவை வேனில் கூட்டிப் போனார்கள், சாப்பாடு போட்டார்கள், கல் நட்டதைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு பல பேர் அந்தப் பக்கமே போகவில்லை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோதுதான், எத்தனையோ வீடுகளில் பீரோவைத் திறந்து பத்திரத்தைத் தேடினார்கள். 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. ரெரா வந்தது. விளம்பரத்தில் பதிவு எண் போட வேண்டும் என்ற சட்டமும் வந்தது. நல்ல விஷயம். ஆனால் மனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்றுதான் அந்த எண் சொல்லும். 'அருகில்' உண்மையா என்று சொல்ல எந்த ஆணையத்திடமும் எண் கிடையாது.

இப்போது போய்ப் பாருங்கள். ஆர்ச் சாயம் போயிருக்கும். மனைக் கற்கள் சாய்ந்திருக்கும். விளம்பரத்தில் சொன்ன பசுமை மட்டும் பொய்யாகவில்லை. நன்றாக, ஆளுயரத்துக்கு, அடர்த்தியாகச் சீமைக்கருவேலம் வளர்ந்திருக்கும். சென்னையில் வாடகைக்கு இருக்கிற ஒருவர், திண்டிவனத்தில் அரை கிரவுண்டு காட்டுக்குச் சொந்தக்காரர்.

நம் கலைஞர்கள் இதையெல்லாம் எப்படிப் பார்த்திருக்கிறார்கள்? வாடகை வீட்டைத் தமிழ் சினிமா விட்டுவைக்கவில்லை. கே. பாலசந்தரின் 'எதிர்நீச்சல்' (1968), பல குடித்தனங்கள் உள்ள வீட்டின் மாடிப்படிக்கு அடியில் நாகேஷை உட்கார வைத்தது. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988), காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த ஒரு பெண், சொந்தமாக ஒரு வீடு கட்டிப் பார்க்கிற கதை. சிமென்ட் திருடுகிற கான்ட்ராக்டரில் ஆரம்பித்து, கடைசியில் அந்த நிலத்தையே குடிநீர் வாரியம் கையகப்படுத்தியிருக்கிறது என்று தெரிகிற வரை ஒவ்வொரு படியையும் கணக்குப்பிள்ளை மாதிரி எழுதிய படம். சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைப் பார்க்க வருகிற காட்சியை மறக்க முடியாது. செழியனின் 'டூலெட்' 2019-ல் தியேட்டருக்கு வந்தது. கதை நடப்பது 2007-ல். ஐ.டி. சம்பளம் வாடகையை ஏற்றிவிட்ட சென்னையில் ஒரு சின்னக் குடும்பம் வீடு தேடுகிறது. பின்னணி இசையே இல்லாமல், கேட் திறக்கிற சத்தத்திலேயே வயிற்றைப் பிசைய வைத்த படம். 2025-ல் வந்த '3பிஹெச்கே'யில் ஒரு குடும்பம் வருஷக்கணக்காகச் சொந்த வீட்டுக்குச் சேமிக்கிறது.

மூன்று தலைமுறை. நல்ல படங்கள். குறை சொல்ல நான் இவற்றை இழுக்கவில்லை. ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. இவற்றில் வீடு என்றால் நாலு சுவர். அது யாருடையது என்பதுதான் பிரச்னை. அந்த வீடு எந்த ஊரில் இருக்கிறது, அந்த ஊருக்கு அங்கே குடியிருக்கிறவர் என்ன ஆகிறார் என்பது கதையாவதில்லை. சுதந்திரமாக மூச்சுவிடச் சொந்த வீடு வேண்டும் என்று நம் படங்கள் சொல்கின்றன. சொந்த ஊர் மாதிரி ஒரு வாடகை ஊர் இருக்க முடியுமா என்று அவை கேட்கவில்லை. ரயிலும் அப்படித்தான். 'அலைபாயுதே'யில் மின்சார ரயில் காதலிக்க உதவியது. தினம் ஆறு மணி நேரம் அதில் நிற்கிறவனுக்கு ஒரு படம் பாக்கி இருக்கிறது.

விளம்பரத்துக்கும் இந்தப் படங்களுக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு. இரண்டுமே வாடகைக்காரனை 'இன்னும் ஓனர் ஆகாதவன்' என்றுதான் பார்க்கின்றன. அவன் ஏதோ வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கிற மாதிரி. படம் அவனுக்காக அழுகிறது. விளம்பரம் அவனிடம் முன்பணம் கேட்கிறது.

வெயிட்டிங் லிஸ்ட் இல்லாமல், வாடகைக்காரனாகவே ஒருவன் மரியாதையாக வாழ முடியாதா? சட்டம் முடியும் என்கிறது. 1960-ம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றது. அந்தச் சட்டம் உயிரோடு இருந்த காலம் முழுக்கத்தான் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடிகட்டிப் பறந்தது! அது போய், 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த புதுச் சட்டத்தில், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது. 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற அந்த நாலு வார்த்தைக்குள் ஒரு லாரியே புகுந்து போகலாம் என்பது வேறு விஷயம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். திண்டிவனமும் விழுப்புரமும் நகராட்சிகள். அங்கேயும் இதே சட்டம்தான்.

நடைமுறை? புரோக்கர் முதலில் கேட்பது 'எத்தினி பேரு?' இரண்டாவது, 'எந்த ஊரு?' மூன்றாவது கேள்வியை நேராகக் கேட்க மாட்டார்கள். 'நீங்க என்ன ஆளுங்க'வை விதவிதமாகச் சுற்றி வளைத்துக் கேட்பதில் நம் ஊரில் பெரிய வித்வான்கள் இருக்கிறார்கள். 'நான்வெஜ் சாப்புடுவீங்களா?' 'குலதெய்வம் எது?' 'சொந்த ஊர்ல எந்தத் தெரு?' எல்லாம் தாண்டி வந்தால் பதினொரு மாத அக்ரிமெண்ட். ஒரு வருடத்துக்கு மேல் போனால் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதற்காகக் கண்டுபிடித்த பதினொன்று அது. புதுச் சட்டம் வந்த பிறகு அந்தப் பதினொன்றுக்கு வேலையே இல்லை, எத்தனை மாதமாக இருந்தாலும் வாடகை அதிகாரியிடம் பதியத்தான் வேண்டும். ஆனால் ஸ்டாம்ப் பேப்பர் விற்கிறவரின் கம்ப்யூட்டரில் இன்றைக்கும் பதினொன்று என்றுதான் டைப் அடித்து வைத்திருக்கிறார்கள்.

பதினொரு மாதத்தில் என்ன வளரும்? வெண்டைக்காய் வளரும். கீரை நாலு தடவை பறிக்கலாம். மரம் வளராது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஊர்ப் பெயரிலேயே வனம் இருக்கிறது. திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். ஊரிலுள்ள சிவன் பெயரே திந்திரிணீஸ்வரர். புளியமரக் காட்டுக்கு நடுவே இருந்த சாமி. புளியமரங்கள் இல்லாத அந்தக் கால ஜி.எஸ்.டி. ரோட்டை நம் அப்பாக்களால் கற்பனைகூடச் செய்ய முடியாது. இரண்டு பக்கமும் கை கோத்துக்கொண்டு நிற்கும். சாலையோரப் புளிய மரங்களின் மகசூலை நெடுஞ்சாலைத் துறை வருஷா வருஷம் ஏலம் விடும். நிழலும் கொடுத்து, கஜானாவுக்குக் காசும் கொடுத்த மரம். 2000-களின் முதல் பாதியில் தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரை நாலு வழிச் சாலை போட்டபோது மரங்கள் போயின. பிரயாண நேரம் குறைந்தது. நேரம் குறைந்ததால்தான் 'மிக அருகில்' பிறந்தது. அதாவது வனத்தை வெட்டிக் கிடைத்த வேகத்தில்தான் 'இயற்கை சூழல்' என்று விளம்பரம் எடுத்தார்கள்.

சுந்தர ராமசாமி 1966-ல் 'ஒரு புளியமரத்தின் கதை' எழுதினார். நாகர்கோவில் பக்கத்து முச்சந்தியில் நிற்கிற ஒரு மரம்தான் கதாநாயகன். அந்த மரத்துக்கு ஒரு ஊரே சுற்றிலும் இருந்தது. வியாபாரம் செய்ய, வம்பு பேச, சண்டை போட. கடைசியில் அதைச் சாகடிக்கக்கூட ஊர் ஆட்கள்தான் தேவைப்பட்டார்கள். திண்டிவனம் சாலையில் போன மரங்களுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. ஒரு டெண்டர், சில மரமறுக்கும் மெஷின், முடிந்தது.

போன மரத்துக்குப் பதில் யார் வைப்பார்கள்? யோசித்துப் பாருங்கள். மனைக்குச் சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார். வீட்டுக்குச் சொந்தக்காரர் வாசலில் சிமென்ட் போட்டுவிட்டார், குப்பை விழுகிறது என்று. வாடகைக்காரருக்குப் பதினொரு மாதம்தான். அவரும் ஊரை வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஏரி நிரம்பியதா, தெருவிளக்கு எரிகிறதா, நகராட்சித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்பதெல்லாம் அவருக்கு வாட்ஸ்அப் செய்தி. ஓட்டு பெரும்பாலும் வேறு ஊரில் இருக்கும். ஒரு ஊரை 'இன்னொரு ஊருக்குப் பக்கம்' என்று இருபது வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தால் இதுதான் நடக்கும். ஆட்கள் வருவார்கள், தூங்குவார்கள், போவார்கள். ஊரை ஊராகப் பார்க்க ஆள் இருக்காது.

விழுப்புரம் இதற்குக் கொஞ்சம் தப்பித்தது. காரணம், அது இன்னொரு ஊரின் வால் அல்ல. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன். 1993-ல் மாவட்டத் தலைநகரம் ஆனது. கலெக்டர் ஆபீஸ், கோர்ட், ஆஸ்பத்திரி எல்லாம் இருப்பதால், விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் இருக்கிற மாதிரியே, புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் விழுப்புரத்துக்கு வேலைக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். ரெண்டு திசையிலும் ஆள் நடமாடுகிற ஊருக்குத் தன் பெயரைச் சொல்லிக்கொள்ள முடிகிறது. ஆனாலும் விளம்பரத்தில் அதுவும் சென்னைக்கு அருகில்தான்!

இப்படியில்லாமல் வேறு மாதிரி எழுத முடியுமா, வழி சொல்கிற வேலையையும் மரியாதையாகச் செய்ய முடியுமா என்று கேட்டால், முடியும். இதே ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. 269 அடிகள். எழுதியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பரிசு வாங்கித் திரும்புகிற பாணன் ஒருவன், வறுமையில் வாடுகிற இன்னொரு பாணனுக்கு ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் போக வழி சொல்கிறான். நல்லியக்கோடன், பூந்தோட்டங்கள் நிறைந்த கிடங்கில் என்ற ஊருக்கு அரசன். அந்தக் கிடங்கில், இன்றைக்குத் திண்டிவனம் நகராட்சிக்குள் இருக்கிற கிடங்கல்தான் என்பார்கள்.

அதுவும் ஒரு விளம்பரம்தான், சந்தேகமில்லை. ஆனால் எப்படிப்பட்ட விளம்பரம்! வழியில் வருகிற ஒவ்வொரு ஊரையும் அந்தந்த ஊராகச் சொல்கிறான். கடற்கரையில் எயிற்பட்டினம் வரும், அங்கே மீன்காரர்கள் சுட்ட மீனும் கள்ளும் தருவார்கள். வேலூர் வரும், அங்கே வேட்டுவர் வீட்டுப் பெண்கள் இனிய புளி சேர்த்துச் சமைத்த சூடான சோறு கிடைக்கும். ஆமாம், புளி! ஆமூர் வரும், அங்கே வெள்ளைச் சோறும் நண்டும். என்ன மரம், என்ன பூ, யார் வீடு, என்ன சாப்பாடு எல்லாம் உண்டு. இன்னும் ஒரு குறும்பு செய்கிறார் புலவர். சேரனின் வஞ்சி, பாண்டியனின் மதுரை, சோழனின் உறந்தை மூன்றையும் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தி, நல்லியக்கோடனின் கொடைக்கு முன்னால் இவையெல்லாம் வறியவை என்கிறார். அன்றைக்குத் தலைநகரங்கள்தான் இந்த ஊரை வைத்து அளக்கப்பட்டன. இன்றைக்கு நாம் இந்த ஊரைத் தலைநகரத்தை வைத்து அளக்கிறோம்.

புகழ்ச்சிதானே, அதில் மிகை இல்லையா என்பீர்கள். இருக்கிறது. புலவரும் பரிசுக்குத்தான் பாடினார். ஆனால் போகிறவன் வழியில் பட்டினி கிடக்கக் கூடாது என்ற கவலை அந்தப் பாட்டில் இருக்கிறது. 'சென்னைக்கு மிக அருகில்' என்பதில் இல்லாதது அந்தக் கவலைதான். விமர்சகனாக என் தீர்ப்பும் அவ்வளவுதான்.

இனி நீங்கள் செய்யக்கூடியது என்ன? வீடு பார்க்கப் போகிறீர்கள், வாடகைக்கோ விலைக்கோ. கிலோமீட்டர் கேட்காதீர்கள். காலையில் முதல் வண்டி எத்தனை மணிக்கு, கடைசி வண்டியைத் தவறவிட்டால் என்ன வழி என்று கேளுங்கள். ஒரு திங்கள்கிழமை காலையில் நீங்களே அந்த வண்டியில் போய்ப் பாருங்கள். வாடகையோடு நேரத்தையும் சேர்த்து எழுதிக் கூட்டுங்கள். மே மாதம் மத்தியானம் தெருவில் எங்கே நிழல் இருக்கிறது என்று பாருங்கள். ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும், பதிய வேண்டும் என்று கூசாமல் சொல்லுங்கள். குடிவந்த பிறகு அந்த ஊர் வார்டு கவுன்சிலர் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டை மாற்றுங்கள். முடிந்தால் தெருமுனையில் ஒரு மரம் வையுங்கள். பதினொரு மாதத்தில் நீங்கள் போய்விடலாம். அடுத்து குடிவருகிறவர் தண்ணீர் ஊற்றுவார்.

அப்புறம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த நடிகை ஆர்ச்சுக்கு முன்னால் வந்து நின்றால், டி.வி.யைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

'சென்னை இருக்கட்டும்மா. அங்க பக்கத்துல என்ன இருக்கு?'